உங்களுக்குத் தெரியுமா? அப்பா அம்மா நினைவில் எரியும் ஒரு நாள் மெழுகுவத்தி

ஓய்வுநாள் அனுசரிக்காத, ஜெபாலயப் பக்கமே எட்டிப் பார்க்காத யூதர்கள் ஏராளம். அவர்களிலும் பலர் ஒரு வழக்கத்தை மட்டும் விடுவதில்லை. அப்பாவோ அம்மாவோ இறந்த நாள் வந்தால் வீட்டில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடுவார்கள். வேதம் கட்டளையிடாத, மந்திரம் கேட்காத, குருமார் வேண்டாத வழக்கம் அது. இத்தனை காலம் அது நீடித்ததற்கு அந்த எளிமையும் ஒரு காரணம். அந்தச் சின்ன மெழுகுவத்தியைச் சுற்றி இதோ சில செய்திகள்.

குவளைக்குள் ஒரு நாள்

◆ ஐரோப்பிய யூதர் வழக்கில் இறந்த நாளுக்கு 'யார்ட்ஸைட்' என்று பெயர். அன்று ஏற்றும் மெழுகுவத்தியை எபிரேயத்தில் 'நேர் நெஷமா', அதாவது ஆன்ம விளக்கு என்கிறார்கள். அலங்காரம் எதுவும் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் குவளை அல்லது தகர டப்பா, அதில் வெள்ளை மெழுகு, நடுவில் ஒரு திரி. அவ்வளவுதான்.

◆ இது ஒரு முழு நாள் எரிய வேண்டும். கடையில் விற்பவை பெரும்பாலும் 24 முதல் 26 மணி நேரம் வரை தாங்கும். முதல் நாள் சூரியன் மறையும் நேரத்தில் ஏற்றி, மறுநாள் நன்றாக இருட்டும் வரை எரியவிடுவதால்தான் அந்தக் கூடுதல் நேரம்.

◆ இத்தனை சின்ன மெழுகுவத்தி ஒரு நாள் முழுக்க எப்படித் தாங்குகிறது? சாதாரண மெழுகுவத்தியில் உருகிய மெழுகு பக்கவாட்டில் வழிந்து வீணாகும். இதில் வழிய இடமே இல்லை. உருகியதெல்லாம் குவளைக்குள்ளேயே தேங்கி, திரி வழியாக மேலேறி எரிகிறது. திரி மெல்லியது, சுடர் சிறியது, அதனால் மெழுகுச் செலவும் குறைவு. திரியின் அடியில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். மெழுகு முழுக்க உருகிய பிறகும் திரி சாயாமல் நிற்பது அதன் உபயம்.

◆ அமெரிக்காவில் இதை வாங்க மதப் பொருள்கள் விற்கும் கடையைத் தேடி அலைய வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் யூத உணவு விதிக்கு உட்பட்ட 'கோஷர்' உணவுகளை அடுக்கிய அலமாரியிலேயே, மட்ஸா ரொட்டிக்கும் திராட்சை ரசத்துக்கும் பக்கத்தில் இருக்கும். மனிஷெவிட்ஸ், ரொக்கியாக் போன்ற கோஷர் உணவு கம்பெனிகளின் பெயரிலேயே இவை விற்பனைக்கு வருகின்றன.

◆ எரிந்து முடிந்த குவளையை என்ன செய்வது? புலம்பெயர்ந்து அமெரிக்கா வந்த யூதக் குடும்பங்களில் அதைத் தூக்கிப் போடவில்லை. ஒட்டியிருக்கும் மெழுகை வெந்நீர் ஊற்றி எடுத்துவிட்டால் கெட்டியான நல்ல டம்ளர் ஆயிற்றே! தாத்தாவின் நினைவு நாள் குவளையில் ஆரஞ்சு ஜூஸ் குடித்து வளர்ந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பேரன் பேத்திகள் இன்றும் உண்டு.

◆ ராத்திரி முழுக்க எரியும் நெருப்பு என்பதால் இடம் பார்த்துத்தான் வைப்பார்கள். எரிய எரியக் குவளை சூடேறும். மர மேஜையில் அப்படியே வைத்தால் மேஜை கருகும். அடியில் ஒரு தட்டு வைப்பது வழக்கம். தூங்கப் போகும்போது அதை அடுப்பு மேடைக்கோ, பாத்திரம் கழுவும் எவர்சில்வர் தொட்டிக்கோ மாற்றிவிடும் வீடுகளும் நிறைய. திரைச்சீலை பக்கமும் ஜன்னல் பக்கமும் வைக்கவே மாட்டார்கள்.

◆ ஓய்வுநாள் விளக்குக்கு ஆசி வாசகம் உண்டு. ஹனுக்கா பண்டிகை விளக்குக்கும் உண்டு. நினைவு மெழுகுவத்திக்கு மட்டும் கிடையாது. அந்த ஆசி வாசகங்கள், கட்டளையை நிறைவேற்றும்போது சொல்ல வேண்டியவை; இதுவோ மக்களாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். ஆகவே ஏற்றுபவர் தமக்குத் தோன்றியதைத் தமக்குத் தெரிந்த மொழியில் சொல்லலாம். அப்பாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு கதை சொல்லலாம். எதுவும் சொல்லாமலும் ஏற்றலாம்.

◆ மூத்த மகன்தான் ஏற்ற வேண்டும் என்ற விதியெல்லாம் இல்லை. மகன், மகள் யாராக இருந்தாலும் சரி. அண்ணன் ஒரு ஊரில், தங்கை ஒரு ஊரில், தம்பி வேறொரு நாட்டில் என்றால் அவரவர் வீட்டில் அவரவர் ஏற்றுகிறார்கள். பெற்றோருக்கு மட்டுமின்றி கணவன், மனைவி, உடன்பிறந்தோர், பிள்ளைகள் நினைவாகவும் ஏற்றுவது உண்டு.

◆ பாதியில் ஊதி அணைப்பதில்லை. தானாக எரிந்து முடியட்டும் என்று விட்டுவிடுவார்கள். காற்றில் அணைந்துபோனால் அபசகுனம் என்று பதற வேண்டியதும் இல்லை, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

◆ ஆஸ்பத்திரி வார்டிலும் முதியோர் இல்லத்திலும் ஹாஸ்டலிலும் நெருப்புக்கு அனுமதி இருக்காதே? அதற்காகவே மின்சார நினைவு விளக்குகள் விற்கின்றன. இப்படிப்பட்ட சூழலில் அவற்றை ஏற்கலாம் என்பது யூத மதகுருக்களான ரபிகள் பலரின் கருத்து.

நாள் குறிப்பது எப்படி?

◆ நம் ஊரில் தவசத்துக்கு ஆங்கிலத் தேதியைப் பார்க்காமல் திதி பார்ப்பது போலவே, யூதர்களும் எபிரேய நாட்காட்டிப்படிதான் நினைவு நாளைக் குறிக்கிறார்கள். சந்திரனை ஒட்டிய மாதங்கள் என்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். பல ஜெபாலயங்கள் உறுப்பினர்களின் பெற்றோர் இறந்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, நாள் நெருங்கும்போது நினைவூட்டல் கடிதம் அனுப்புகின்றன.

◆ எபிரேயச் சாதாரண ஆண்டுக்குச் சுமார் 354 நாட்கள். சூரிய ஆண்டோடு ஒப்பிட்டால் 11 நாள் குறைவு. அதைச் சரிக்கட்ட 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதனால் 19 ஆண்டுக்கு ஒரு முறை எபிரேயத் தேதியும் ஆங்கிலத் தேதியும் ஏறக்குறைய ஒன்றுசேரும்.

◆ கூடுதலாக வரும் மாதம் அதார். அந்த ஆண்டில் அதார் இரண்டு. சரி, சாதாரண ஆண்டின் அதாரில் அம்மா இறந்திருந்தால் எந்த அதாரில் மெழுகுவத்தி ஏற்றுவது? ஐரோப்பிய வழக்கப்படி முதல் அதார். ஸ்பானிய, கீழை நாட்டு வழக்கப்படி இரண்டாவது. வம்பே வேண்டாம் என்று இரண்டிலும் அனுசரிப்பவர்களும் உண்டு.

◆ யூதர்களுக்கு நாள் பிறப்பது சூரியன் மறையும்போது. திங்கட்கிழமை பிற்பகலில் இறந்தவருக்கும் அன்றிரவு 8 மணிக்கு இறந்தவருக்கும் ஆங்கிலத் தேதி ஒன்றுதான். எபிரேயத் தேதி வேறு வேறு. ஆகவே குடும்பத்தார் இறந்த நேரத்தையும் மறக்காமல் குறித்து வைக்கிறார்கள்.

◆ ஓய்வுநாளான ஷப்பாத்தில் தீ மூட்டக் கூடாது. நினைவு நாள் சனிக்கிழமையில் வந்தால்? வெள்ளி மாலை, ஷப்பாத் விளக்கு ஏற்றுவதற்குச் சற்று முன்பே இதை ஏற்றிவிடுவார்கள். நினைவு நாள் ஞாயிறு என்றால் சனிக்கிழமை இருட்டி ஷப்பாத் முடியும் வரை காத்திருப்பார்கள்.

◆ பெரும்பாலான பண்டிகை நாட்களில் புதிதாகத் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. ஏற்கெனவே எரியும் நெருப்பிலிருந்து பற்றவைக்கலாம். அதனால் யாருடைய நினைவு நாளாக இல்லாவிட்டாலும், பண்டிகைக்கு முன் இந்த 24 மணி நேர மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி வைத்துக்கொள்வார்கள். அடுப்புக்கும் இரண்டாம் நாள் விளக்குக்கும் அதிலிருந்தே தீ.

◆ இறந்த நாளில் மட்டுமா? பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகையை ஒட்டிய ஷெமினி அட்ஸெரெத், பஸ்காவின் கடைசி நாள், வாரங்களின் பண்டிகையான ஷாவுஓத் என ஆண்டுக்கு நான்கு முறை ஜெபாலயத்தில் 'யிஸ்கோர்' என்னும் நினைவு வழிபாடு நடக்கும். அந்த நாட்களிலும் பல வீடுகளில் மெழுகுவத்தி எரியும்.

◆ இறந்த தேதியே தெரியாதவர்களுக்கு? நாஜி முகாம்களில் மாண்ட லட்சக்கணக்கானவர்களின் கடைசி நாள் யாருக்கும் தெரியாது. ஆன் பிராங்க் 1945-இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தார் என்று தெரியும். எந்தத் தேதியில் என்பது இன்றுவரை தெரியாது. இப்படிப்பட்டவர்களின் குடும்பத்தாருக்காக, தெவேத் மாதம் 10-ஆம் நாளைப் பொது நினைவு நாளாக இஸ்ரேலின் தலைமை ரபிகள் அவை அறிவித்தது.

விளக்கு எங்கிருந்து வந்தது?

◆ மனித ஆன்மாவைக் கடவுளின் விளக்காக உருவகிக்கும் வசனம் ஒன்று நீதிமொழிகள் நூலின் 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நினைவு மெழுகுவத்திக்கு யார் விளக்கம் சொன்னாலும் முதலில் சுட்டுவது அதைத்தான். திரி உடல், சுடர் உயிர் என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

◆ யூத மரபின் பெருநூலான தல்மூத் சொல்லும் கதை ஒன்று. மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்ட நூலைத் தொகுத்த ரபி யெஹுதா, தம் கடைசி நாளில் பிள்ளைகளை அழைத்தார். நான் போன பிறகும் என் விளக்கு அதன் இடத்தில் எரியட்டும், மேஜையும் கட்டிலும் இருந்தபடியே இருக்கட்டும் என்றார். இறந்த பிறகும் வெள்ளிதோறும் அந்திப் பொழுதில் அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாராம். ஒரு வெள்ளியன்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்ட, 'சத்தம் போடாதே, ஐயா உள்ளே இருக்கிறார்' என்று வேலைக்காரி சொல்லிவிட்டாள். விஷயம் வெளியே போய்விட்டது. முந்தைய பெரியவர்களுக்கு வாய்க்காத பெருமை தமக்கு வேண்டாம் என்று அவர் வருவதை நிறுத்திக்கொண்டாராம்.

◆ இறந்த நாளை ஆண்டுதோறும் அனுசரிப்பது ஜெர்மானிய நிலத்து யூதர்களிடம் இடைக்காலத்தில் ஊன்றிய பழக்கம். 1400-ஐ ஒட்டி வாழ்ந்த ரபி ஐசக் என்பவர் எழுதிய பழக்கவழக்க நூலில் 'யார்ட்ஸைட்' என்ற பெயர் வந்துவிட்டது. அங்கிருந்து போலந்து, ரஷ்யா, அமெரிக்கா என்று பரவியது.

◆ எல்லா யூதர்களும் 'யார்ட்ஸைட்' என்று சொல்வதில்லை. துருக்கி, கிரீஸ் பக்கத்து ஸ்பானிய மரபு யூதர்கள் 'மெல்தாதோ' என்கிறார்கள். உறவினர்கள் வீட்டில் கூடி, புனித நூல்களை வாசித்து, பிறகு சேர்ந்து சாப்பிடுவார்கள். மொராக்கோ யூதர்களிடம் ஞானிகள் இறந்த நாள் 'ஹிலுலா' என்னும் திருவிழா. கல்லறையில் மெழுகுவத்திக் கூட்டம், பாட்டு, விருந்து எல்லாம் உண்டு.

அப்பா அம்மாவுக்கு மட்டும் ஒரு வருஷம்

◆ கணவன், மனைவி, உடன்பிறந்தோர், பிள்ளைகள் யார் இறந்தாலும் யூதச் சட்டப்படி துக்கக் காலம் 30 நாள். அப்பா அம்மாவுக்கு மட்டும் 12 மாதம். அந்த ஒரு வருஷம் கச்சேரிக்கும் கொண்டாட்டங்களுக்கும் போவதில்லை.

◆ முதல் 7 நாள் 'ஷிவா'. வீட்டை விட்டு வெளியே போகாமல் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடிகளைத் துணியால் மூடிவிடுவார்கள். சாப்பாடு அக்கம்பக்கத்தாரும் உறவினரும் கொண்டு வருவார்கள். அந்த வாரம் எரிவது 7 நாள் தாங்கும் பெரிய மெழுகுவத்தி. 

◆ அடக்கத்தின்போது துக்கம் காப்பவர்கள் உடையைக் கிழித்துக்கொள்வது மரபு. மற்ற உறவுகளுக்கு வலப்பக்கம் கிழிப்பார்கள். அப்பா அம்மாவுக்கு மட்டும் இதயம் இருக்கும் இடப்பக்கம். அமெரிக்காவில் இப்போது பலர் சட்டையில் குத்திய கறுப்பு ரிப்பனைக் கிழிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

◆ பெற்றோருக்காகப் பிள்ளைகள் சொல்வது 'கதீஷ்' பிரார்த்தனை. வியப்பு என்னவென்றால், துக்கத்தில் சொல்லும் இந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. முழுக்கக் கடவுளின் புகழ்தான். மொழியும் பெரும்பாலும் அராமேயம். தனியாகச் சொல்ல முடியாது. 'மின்யான்' எனப்படும் பத்துப் பேர் கூடினால்தான் உண்டு. துக்கத்தில் இருப்பவர் வீட்டுக்குள் முடங்காமல் தினமும் நாலு பேரைப் பார்க்கும்படி ஆகிவிடுகிறது.

◆ துக்கம் 12 மாதம். கதீஷ் சொல்வதோ 11 மாதம். ஏன்? பாவிகளுக்குத் தண்டனைக் காலம் 12 மாதம் என்கிறது மிஷ்னா. முழு 12 மாதமும் சொன்னால் என் அப்பா பாவி என்று ஊரறியச் சொன்னது போல் ஆகிவிடுமே! ஒரு மாதம் முன்னதாக நிறுத்தும் இந்த வழக்கத்தை, 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த ரபி மோசே இஸர்லெஸ் தம் சட்ட உரையில் பதிவு செய்தார்.

◆ கதீஷுக்குப் பின்னால் ஓர் இடைக்காலக் கதை உண்டு. பழங்கால ஞானி ரபி அகீவா ஒருவனைச் சந்தித்தார். கரிபோலக் கறுத்த உடம்பு, தலையில் விறகுச் சுமை, ஓட்டமும் நடையும். நில், யார் நீ என்றார். நான் இறந்தவன், உயிரோடு இருந்தபோது வரி வசூலித்தேன், பணக்காரர்களை விட்டுவிட்டு ஏழைகளை வதைத்தேன், என்னை எரிக்கும் விறகை நானே தினமும் சுமக்கிறேன் என்றான் அவன். எனக்கொரு மகன் இருந்து, சபையில் அவன் எழுந்து பிரார்த்தனை சொன்னால் எனக்கு விடுதலை என்றான். அகீவா அந்த மகனைத் தேடிப் பிடித்தார். எழுத்தே தெரியாத பையன். உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்து, சபையில் நிறுத்தினார். அன்றிரவு அப்பன் கனவில் வந்து நன்றி சொன்னானாம்.

◆ கதீஷ் சொல்வது நெடுங்காலம் மகன்களுக்கே உரியதாக இருந்தது. 1916-இல் ஹென்ரியட்டா ஸோல்ட் என்ற அமெரிக்கப் பெண்மணியின் தாயார் இறந்தபோது, உங்களுக்காக நான் சொல்கிறேன் என்று குடும்ப நண்பர் ஒருவர் முன்வந்தார். ஹென்ரியட்டா நன்றி சொல்லி மறுத்துவிட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கடிதம் எழுதினார். அவருடைய பெற்றோருக்குப் பிறந்தது எட்டும் பெண்கள். மகன் இல்லையே என்று தம் பெற்றோர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை என்பதே அவர் காட்டிய காரணம். ஹதாஸா என்னும் பெரிய பெண்கள் அமைப்பை 1912-இல் தொடங்கியவர் இவர்தான்.

◆ அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க்கின் அம்மா இறந்தது 1950-இல், மகளின் பள்ளிப் பட்டமளிப்புக்கு முந்திய நாள். ரூத்துக்கு அப்போது வயது 17. துக்க வீடு நிறையப் பெண்கள் இருந்தும் மின்யான் கணக்கில் ஆண்களை மட்டுமே சேர்த்தார்கள் என்பதைப் பின்னாளில் அவர் வருத்தத்தோடு சொன்னார். அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவு யூதர்கள் 1973-இல் பெண்களையும் மின்யானில் சேர்க்க அனுமதி தந்தனர். பழமை வழுவாத ஆர்த்தடாக்ஸ் பிரிவில் இன்றும் ஆண்களையே எண்ணுகிறார்கள்.

◆ யிஸ்கோர் தொடங்கும்போது ஜெபாலயத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். சிறுவர்களும் இளைஞர்களும் எழுந்து வெளியே போவார்கள். அப்பா அம்மா இருவரும் உயிரோடு இருப்பவர்கள் உள்ளே இருக்கக் கூடாது என்பது பல ஊர்களில் பழக்கம். கண்பட்டுவிடும் என்ற பயம் ஒரு காரணம். அப்பாவை இழந்த ஆண்டில் முதன்முதலாக உள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் மிகவும் வலித்தது என்று பலர் சொல்வதுண்டு.

◆ நினைவு நாளில் மெழுகுவத்தி மட்டும் போதாது என்பார்கள். இறந்தவர் பெயரால் தர்மம் கொடுப்பது, கல்லறைக்குப் போவது, மிஷ்னாவிலிருந்து ஒரு பகுதியைப் படிப்பது எல்லாம் சேர்ந்ததே முறை. பழைய ஐரோப்பாவில் அன்று விரதம் இருந்தார்கள். ஹசிதியம் என்னும் பக்தி மரபைச் சேர்ந்த யூதர்கள் அதை அப்படியே திருப்பிப் போட்டார்கள்: காலைப் பிரார்த்தனை முடிந்ததும் எல்லாருக்கும் கேக்கும் ஒரு வாய் மதுவும்! இறந்தவரின் ஆன்மா ஆண்டுக்கு ஒரு படி உயர்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

வரலாற்றின் வழியே

◆ 1096-இல் முதலாம் சிலுவைப் போர்க் கும்பல்கள் ரைன் நதிக்கரை யூத ஊர்களைச் சூறையாடின. வோர்ம்ஸ், மைன்ஸ் ஊர்களில் பெரும் படுகொலைகள். மாண்டவர்களின் பெயர்களை ஏட்டில் எழுதி ஜெபாலயத்தில் வாசிக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. 1296-இல் எழுதத் தொடங்கிய நியூரம்பெர்க் நினைவேடு இவற்றில் புகழ்பெற்றது.

◆ மோசே இறந்த நாளாக அதார் மாதம் 7-ஐக் கொள்கிறார்கள். உடலைக் கழுவி அடக்கம் செய்யும் தொண்டர் சபைகளுக்கு அதுதான் ஆண்டு விழா. மோசேயைக் கடவுளே அடக்கம் செய்தார் என்பது மரபு அல்லவா! பகலில் விரதம், தங்கள் கையால் இறந்தவர்களுக்கு ஏதேனும் மரியாதைக் குறைவு நேர்ந்திருந்தால் அதற்கு மன்னிப்பு கேட்பார்கள். ராத்திரி விருந்து.

◆ ஹெஷ்வான் மாதம் 11, யூதர்கள் தாயாகப் போற்றும் ராகேலின் நினைவு நாள். பெத்லகேமில் உள்ள அவள் கல்லறையில் அன்று பெருங்கூட்டம். பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் அதிகம்.

◆ 1995 நவம்பர் 4. டெல் அவிவ் சதுக்கத்தில் சமாதானப் பேரணி முடிந்து வந்த இஸ்ரேல் பிரதமர் யிட்ஸாக் ரபீன் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவிலிருந்தே இளைஞர்கள் அங்கே கூடி, வீட்டில் ஏற்றும் அதே நினைவு மெழுகுவத்திகளை ஆயிரக்கணக்கில் தரையில் வரிசையாக ஏற்றினார்கள். 'மெழுகுவத்தி இளைஞர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது. சதுக்கத்துக்கும் பிறகு ரபீன் பெயர். எபிரேயக் கணக்கில் அவர் நினைவு நாள் ஹெஷ்வான் 12.

◆ நாஜிப் படுகொலை நினைவு நாள் நிசான் மாதம் 27. இஸ்ரேல் நாடாளுமன்றம் 1951-இல் குறித்த நாள். எருசலேமின் யாத் வஷேம் நினைவகத்தில் படுகொலையிலிருந்து தப்பியவர்கள் ஆறு தீப்பந்தங்களை ஏற்றுவார்கள். ஒவ்வொன்றும் பத்து லட்சம் பேருக்கு. வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அன்று பல வீடுகளில் மஞ்சள் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நாஜிகள் யூதர்களை அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தின் நிறம் அது.

◆ அதே யாத் வஷேமில் குழந்தைகளுக்கென்று தனி நினைவு மண்டபம் 1987-இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்தி. நிலத்துக்கு அடியில், கும்மிருட்டு. கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். எரிபவை ஒருசில நினைவு மெழுகுவத்திகளே. சுற்றிலும் பதித்த கண்ணாடிகளில் பிரதிபலித்துப் பிரதிபலித்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் எண்ண முடியாத சுடர்கள். கொல்லப்பட்ட சுமார் 15 லட்சம் குழந்தைகளில் பலரின் பெயர், வயது, நாடு ஒவ்வொன்றாக ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்ட தங்கள் சின்ன மகன் உஸியேலின் நினைவாக இதற்கு நன்கொடை அளித்தது ஒரு தம்பதி.

◆ பழைய அமெரிக்க ஜெபாலயங்களின் சுவரில் வெண்கலப் பெயர்ப் பலகைகளைப் பார்க்கலாம். இறந்த உறுப்பினர்களின் பெயர், இறந்த தேதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன பல்பு. யாருடைய நினைவு வாரமோ, அவர் பெயருக்கு நேரான பல்பு மட்டும் எரியும்.

◆ கேரளத்தின் கொச்சியில் யூதத் தெருப் பக்கம் நெகேமியா மோத்தா என்ற யூத ஞானியின் கல்லறை இருக்கிறது. 1615-இல், ஹனுக்கா தொடங்கும் நாளில் இறந்தவர். யூதர்களின் நினைவு மெழுகுவத்தியோடு கதை நின்றுவிடவில்லை. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்ட பிறகும் அக்கம்பக்கத்து இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள்.

◆ யூதக் கல்லறைகளில் பூவை விடக் கூழாங்கல்தான் அதிகம் தென்படும். வந்து போனேன் என்பதற்கு அடையாளமாகச் சின்னக் கல் ஒன்றை வைப்பார்கள். 1993-இல் வந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தின் முடிவில், தப்பிப் பிழைத்தவர்கள் எருசலேமில் தங்களைக் காப்பாற்றிய ஷிண்ட்லரின் கல்லறை மீது வரிசையாகக் கல் வைப்பார்களே, அதுதான் இது. சென்னையிலும் லாயிட்ஸ் சாலையில் சின்னதாக ஒரு யூதக் கல்லறைத் தோட்டம் உண்டு.

◆ கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க்கின் அம்மா நவோமி 1956-இல் இறந்தபோது அடக்கத்துக்குப் பத்து ஆண்கள் சேரவில்லை, கதீஷ் சொல்லப்படவில்லை. அந்தக் குறையிலிருந்து பிறந்த அவருடைய நெடுங்கவிதைக்குத் தலைப்பே 'கதீஷ்'. 1961-இல் நூலாக வந்தது. இசையமைப்பாளர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைனின் மூன்றாம் சிம்பொனிக்கும் அதே பெயர். 1963 டிசம்பரில் டெல் அவிவில் அரங்கேறிய அதை, சில நாட்கள் முன் கொல்லப்பட்ட ஜான் கென்னடிக்கு அவர் காணிக்கையாக்கினார்.

கடைசியாக, கைக்கு உதவும் மூன்று

◆ முதல் நாள் மாலை ஏற்ற மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் ஏற்றலாம்; நாள் முடியவில்லை அல்லவா! அந்த நாளே தாண்டிவிட்டால் மெழுகுவத்தியின் விலையை ஏழைக்குக் கொடுத்துவிடச் சொல்வார்கள்.

◆ ஒரே நாளில் இருவரின் நினைவு வந்தால் ஆளுக்கொன்றாக இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கம். யிஸ்கோர் நாட்களில் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றே ஏற்றும் வீடுகளும் உண்டு.

◆ லண்டனிலோ நியூ ஜெர்சியிலோ யூத நண்பர் வீட்டுக்குப் போகிறீர்கள், அடுப்பு மேடையில் குவளைக்குள் மெழுகுவத்தி எரிகிறது. கரன்ட் போனதா என்று கேட்டுவிடாதீர்கள்! 'யாருக்காக?' என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆசையாகப் பேசுவார்கள். பிரிட்டன் யூதர்கள் துக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது, நீங்கள் நீடூழி வாழ வேண்டும் என்று. மற்ற இடங்களில், அவர் நினைவு ஆசியாக நிலைக்கட்டும் என்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் பொருத்தமே.